படக்கதையும் பள்ளிப் பிள்ளையும்



குழந்தைகள் படிக்கும் படக்கதையைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படிக்க வேண்டிய பொருள் படக்கதை என்னும் எண்ணம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. 1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, இரும்புக்கை மாயாவியைத் தேடி நம் சிறுவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆயினும், அந்தப் புத்தகங்கள் எத்தனையோ பேருக்குத் தமிழ் படிக்கும் பழக்கத்தை ஊட்டின என்பதைப் பின்னாளில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அந்தப் படக்கதை இன்று பல துறைகளிலும் கால் பதித்திருக்கிறது. வரலாறும் வாழ்க்கைச் சரிதமும் சமூகத்தின் துயரங்களும் இப்போது படங்களாலேயே சொல்லப்படுகின்றன. ஒரு நாவலுக்குரிய விரிவு இருப்பதால், இவற்றைச் சித்திர நாவல் என்றும் அழைக்கிறார்கள். இந்த நூல்களுள் ஒரு வகை நம் கவனத்துக்கு உரியது. பள்ளிக்கூடத்துக்குள் மற்றவர்களினின்றும் வேறுபட்டவனாக நுழையும் பிள்ளையின் கதைதான் அது. அவன் நிறம் வேறாக இருக்கலாம். குலம் வேறாக இருக்கலாம். பேச்சும் உணவும் வேறாக இருக்கலாம். அவன் அந்தக் கூட்டத்தோடு எவ்வாறு சேர்ந்தான், அல்லது எவ்வாறு சேர விடாமல் தடுக்கப்பட்டான் என்பதே கதையின் பொருள். அத்தகைய நூல் ஒன்றை முன்னிட்டுச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழ்வது உடன்குடியில். கருப்பட்டியால் பெயர் பெற்ற ஊர் அது. ஒரு புறம் செம்மண் தேரி. மறு புறம் கடல். அருகே குலசேகரன்பட்டினம், சற்றுத் தெற்கே மணப்பாடு. இந்தப் பகுதியின் பள்ளி வகுப்பு ஒன்றில் நுழைந்து பார்த்தால், நாட்டின் வேறுபாடுகளையெல்லாம் ஓர் அறைக்குள் காணலாம். தந்தை விடியுமுன் பனையேறச் சென்றுவிட, பதநீர் காய்ச்சும் தாய்க்குச் சுள்ளி பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளை அங்கே இருக்கும். கடலோடியின் பிள்ளை இருக்கும். வாணிகம் செய்யும் இஸ்லாமியர் வீட்டுப் பிள்ளை இருக்கும். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர் பிள்ளையும், பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர் பிள்ளையும் இருக்கும். இத்தனை பேரும் ஒரே நிறச் சீருடையில் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள்.

சீருடை நல்ல ஏற்பாடு. ஏழைப் பிள்ளையின் கிழிசலையும் செல்வர் வீட்டுப் பிள்ளையின் பட்டுச் சட்டையையும் அது ஒருங்கே மறைத்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மதிய உணவும் சீருடையும் பள்ளிக்கூடத்தை நோக்கி வந்தது, பசியும் நாணமும் பிள்ளையைப் படிப்பிலிருந்து துரத்திவிடக் கூடாது என்பதற்காகவே. ஆனால் சீருடை சட்டையைத்தான் ஒன்றாக்கியது. சட்டைக்குள் இருக்கும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத் தையற்காரரால் திருத்த இயலாது. அந்தப் பார்வையைப் பற்றிப் பேசத்தான் வேறு கருவிகள் தேவைப்படுகின்றன. நல்ல படக்கதை அக்கருவிகளுள் ஒன்று.

நான் சொல்ல வந்த நூலின் பெயர் 'பீமாயணம்'. 2011-ஆம் ஆண்டில் நவயானா பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. பின்னர் தமிழிலும் வந்தது. அறிஞர் அம்பேத்கரின் வாழ்க்கையில் நிகழ்ந்த சில நிகழ்ச்சிகளே நூலின் பொருள். ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதினார்கள். படம் வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் தம்பதியர். மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடியைச் சேர்ந்த ஓவியர்கள் அவர்கள். துர்காபாய்க்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சென்னையில் உள்ள தாரா பதிப்பகம் வெளியிட்ட, மரங்களின் இரவு வாழ்வைப் பற்றிய புகழ்பெற்ற படநூலிலும் அவருடைய ஓவியங்கள் உண்டு.

நூலின் தொடக்கத்தில் நாம் காண்பவன் பத்து வயதுச் சிறுவன். 1891-இல் பிறந்த பீமராவ், சதாராவில் பள்ளிக்குச் செல்லும் பருவம். அந்த நாட்களைப் பற்றி அம்பேத்கரே பிற்காலத்தில் குறித்து வைத்திருக்கிறார். மற்றப் பிள்ளைகளோடு அவன் அமரக் கூடாது. தன் வீட்டிலிருந்து ஒரு கோணித்துணியைக் கொண்டு வந்து, ஒரு மூலையில் விரித்து, அதன்மேல் அமர வேண்டும். மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கே எடுத்துச் செல்லவும் வேண்டும். ஏனெனில் பள்ளியைத் துப்புரவு செய்பவர் அதைத் தொடமாட்டார். மற்றப் பிள்ளைகள் தாகம் எடுத்தால் தாமே குழாயைத் திறந்து குடிக்கலாம். இவன் குழாயைத் தொடக் கூடாது. பள்ளியின் ஏவலர் வந்து திறந்துவிட வேண்டும். ஏவலர் வராத நாளில் இவனுக்குத் தண்ணீர் இல்லை.

நேயர்களே, இந்த நிகழ்ச்சியில் அடி இல்லை, உதை இல்லை, குருதி இல்லை. ஒரு குழாயும், அதைத் தொடக் கூடாத ஒரு சிறு கையும் மட்டுமே உள்ளன. பெரிய கொடுமைகளை விவரிக்கும் நூல்களைக் குழந்தைகளின் கையில் கொடுக்க நாம் தயங்குவோம். தாகம் எடுத்து நிற்கும் பிள்ளையை எந்தக் குழந்தைக்கும் காட்டலாம். அறுபது பக்கம் எழுதி விளக்க வேண்டியதை அந்த ஒரு படம் விளக்கிவிடுகிறது. தாகம் இன்னது என்பதை அறியாத குழந்தை இல்லை அல்லவா?

இந்த நூலின் ஓவியத்தில் இரண்டு புதுமைகள் உண்டு. அவற்றை விளக்கினால்தான் பின்னால் நான் சொல்லப்போவது விளங்கும்.

வழக்கமான படக்கதையில் ஒவ்வொரு பக்கமும் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கோண்டு ஓவியர்கள் அதற்கு உடன்படவில்லை. தங்கள் கலை திறந்த வெளியில் வளர்ந்தது என்றும், மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைத்தால் அவர்களுக்கு மூச்சு முட்டும் என்றும் கருதினார்கள். தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் பெண்கள் வரையும் திக்னா என்னும் கோலத்தை எடுத்துக்கொண்டு, அது வளைந்து நெளிந்து செல்லும் வழியிலேயே கதையை நடத்திச் சென்றார்கள். எல்லை உண்டு, ஆனால் அது ஓடையின் கரையைப் போன்றது, சிறைச் சுவரைப் போன்றதன்று. மனிதரைப் பிரித்து அடைத்து வைத்த ஒரு வழக்கத்தைப் பற்றிய நூலில், ஓவியர்கள் யாரையும் அடைத்து வைக்கவில்லை.

மற்றொரு புதுமை, பேச்சைச் சுற்றி வரையும் குமிழி. அன்பாகப் பேசுவோரின் சொற்களும், துன்பப்படுவோரின் சொற்களும் பறவை வடிவக் குமிழிக்குள் வருகின்றன. பிறரைப் புண்படுத்தும் சொற்களின் குமிழிக்குத் தேளின் கொடுக்கு வால் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட, யார் பேச்சு எத்தகையது என்பதைப் பார்த்த உடனே அறிந்துகொள்ளும்.

ஒரு கோடை விடுமுறையில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலரோடு நான் இந்த நூலைப் பார்த்தேன். 'பார்த்தேன்' என்ற சொல்லைத் தெரிந்தே சொல்கிறேன்; படிப்பதற்கு முன்னரே அவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள். தேரிக்காட்டு ஓரத்திலிருந்து வந்த ஒரு சிறுவன் விரலை வைத்து, "சார், இந்த ஆளு பேசல, கொட்டுதாரு" என்றான். பனங்காட்டில் சருகைப் புரட்டிப் பழகியவனுக்குத் தேளைக் காட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. சொல்லால் கொட்ட முடியும் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அதை யாரிடமிருந்து தெரிந்துகொண்டான் என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் பாடமாக அமைந்தது இன்னொரு குழந்தையின் கேள்வி. குழாயடிப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "மத்தப் பிள்ளைய எல்லாம் என்ன செஞ்சிட்டு இருந்தாவ சார்?" என்று கேட்டாள்.

பீமனுக்கு நேர்ந்ததைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அதே வகுப்பில் இருந்த மற்ற நாற்பது, ஐம்பது பிள்ளைகளைப் பற்றி யார் கேட்டோம்? அவர்கள் தாகம் தீரக் குடித்துவிட்டு விளையாடப் போனார்கள். அவர்களில் ஒருவனாவது திரும்பிப் பார்த்திருப்பானா? 'நான் குழாயைத் திறக்கிறேன், நீ குடி' என்று சொல்ல ஒருவனுக்காவது தோன்றியிருக்குமா? தோன்றியும் வீட்டுக்கு அஞ்சி விட்டுவிட்டானா?

இக்கேள்விக்கு விடை போன்ற ஒரு நிகழ்ச்சி அம்பேத்கரின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அவர் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலம். கணக்கொன்றைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுமாறு ஆசிரியர் அவரை அழைத்தார். உடனே வகுப்பில் பெருங்குழப்பம் எழுந்தது. மற்றப் பிள்ளைகளின் உணவுப் பாத்திரங்கள் கரும்பலகைக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்தன. அவர் பலகையை நெருங்குமுன் பாத்திரங்களை எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். அந்தப் பிள்ளைகள் கொடியவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். வீட்டில் கற்றதைப் பள்ளியில் ஒப்பித்தார்கள், அவ்வளவே.

ஆகவே, இத்தகைய நூல்கள் எழுப்பும் கேள்வி, வேறுபட்ட பிள்ளையை நோக்கியது அன்று. சுற்றி நிற்கும் பிள்ளைகளை நோக்கியது. 'நீ எப்படி எங்களோடு ஒத்துப்போகப் போகிறாய்?' என்று புதியவனைக் கேட்பதுதான் உலக வழக்கம். 'நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று நல்ல படக்கதை மற்றவர்களைக் கேட்கிறது.

இவையெல்லாம் என்றோ, எங்கோ மராட்டிய நாட்டில் நடந்தவை என்று நாம் ஆறுதல் கொள்ள வழியில்லை. எங்கள் நெல்லைச் சீமையிலேயே இதற்கு வரலாறு உண்டு. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922-இல் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். தாய்மொழிக் கல்வியும் நாட்டுப்பற்றும் தொழிற்பயிற்சியும் இணைந்த உயர்ந்த முயற்சி அது. ஐயரும் சிறந்த தேசபக்தர். தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியவருள் ஒருவர். ஆயினும், சில பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்கி, பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி இட அவர் இசைந்தார். அந்தத் தனிப்பந்தி தமிழ்நாட்டையே கலக்கிவிட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில், மகளைக் காக்க முயன்றபோது உயிர் நீத்தார். தலைவர்களின் வாதங்கள் எல்லாம் நூல்களில் பதிவாகியிருக்கின்றன. தனிப்பந்தியில் அமர்ந்த சிறுவர்களும், எதிர்ப்பந்தியில் அமர்ந்த சிறுவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபோது என்ன நினைத்தார்கள் என்பது பதிவாகவில்லை. அதை ஒரு சித்திர நாவல்தான் வரைந்து காட்ட முடியும். அப்படி ஒரு நூலை நம் எழுத்தாளரும் ஓவியரும் இணைந்து ஆக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். தென் மாவட்டங்களின் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்கள் தத்தம் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது. சீருடை மறைத்ததைக் கயிறு காட்டிக் கொடுத்தது. 2019-இலேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து இதைத் தடுக்கச் சுற்றறிக்கை ஒன்று சென்றது. ஆயினும் நஞ்சு வற்றவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஒரு மாணவனை உடன் படித்த பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அந்த மாணவன் பிழைத்து, தேர்வெழுதி, தேறியது நம் நல்வினை. இந்தக் கொடுமைக்குப் பின்னர் அரசு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதத்தில் அக்குழு அறிக்கை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும், பள்ளிகளின் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில.

இன்னொரு நிகழ்ச்சி எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே நடந்தது. 2023 செப்டம்பரில், எட்டயபுரத்துக்கு அருகில் உள்ள உசிலம்பட்டி என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளியில், பிள்ளைகள் காலை உணவை உண்ண மறுத்தார்கள். சமைத்தவர் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்மணி. செய்தி பரவியது. அமைச்சர் கீதா ஜீவனும் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அங்கே சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து அந்த உணவையே உண்டார்கள். பாரதி பிறந்த மண்ணுக்கு அருகில் இப்படி நடந்ததே என்று நாம் வருந்துகிறோம். வருந்துவதோடு ஒன்றைக் கவனிக்கவும் வேண்டும். அந்தத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பசி இருந்தது. எதிரே சூடான உணவு இருந்தது. உண்ணாதே என்று சொன்னது அவர்கள் வயிறு அன்று. கரும்பலகைக்குப் பின்னே இருந்த பாத்திரங்களை எடுக்க ஓடிய பம்பாய்ப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கின்றன.

இனிக் கடல் கடந்து ஒரு நூலைப் பார்ப்போம். அமெரிக்க நாட்டில் ஜெரி கிராஃப்ட் என்பவர் 'நியூ கிட்' என்னும் சித்திர நாவலை எழுதி வரைந்து 2019-இல் வெளியிட்டார். 'புதிய பிள்ளை' என்பது பெயரின் பொருள். குழந்தை இலக்கியத்துக்காக 1922 முதல் அந்நாட்டில் வழங்கப்பட்டு வரும் நியூபெரி பதக்கம் 2020-இல் இந்நூலுக்குக் கிடைத்தது. சித்திர நாவல் ஒன்று அப்பதக்கத்தைப் பெற்றது அதுவே முதல் முறை.

அதில் வரும் ஜோர்டான் என்னும் கறுப்பினச் சிறுவன் ஏழாம் வகுப்பில் படிப்பவன். ஓவியப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பது அவன் ஆசை. பெற்றோரோ செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். அங்கே யாரும் அவனை அடிப்பதில்லை. தண்ணீர் தர மறுப்பதில்லை. ஆனால் அவனைப் போன்ற இன்னொரு கறுப்பினச் சிறுவனை ஓர் ஆசிரியை மீண்டும் மீண்டும் வேறொருவன் பெயரால் அழைக்கிறார். பெயர் தவறுவது சிறிய பிழைதானே என்று நாம் கேட்கலாம். ஒவ்வொரு நாளும் தவறினால் என்ன பொருள்? 'நீ யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அக்கறை இல்லை' என்பதுதானே? ஜோர்டான் பேருந்தில் பள்ளிக்குப் போகும்போது, வெவ்வேறு பகுதிகளைக் கடக்கக் கடக்க, தன் உடையையும் தோற்றத்தையும் நடையையும் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறான். வீட்டில் ஒருவன், பள்ளி வாயிலில் வேறொருவன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயிலுக்கு வேடம் கட்டிச் செல்லும் வழக்கம் அவர்களுக்குத் தெரியும். அரசன், குறவன், காளி, குரங்கு என்று வேண்டிக்கொண்டபடி வேடம் பூண்டு, வீடு வீடாகக் காணிக்கை பெற்று, அதை அம்மனின் உண்டியலில் சேர்ப்பார்கள். செல்வரும் அந்த நாட்களில் பிச்சை வேடம் பூணுவது உண்டு. அந்த வேடம் தானாக விரும்பி ஏற்றது. பத்தாம் நாள் களைந்துவிடலாம். பள்ளியில் ஒரு பிள்ளை தன் பேச்சை மறைத்து, தன் வீட்டு உணவை மறைத்து, தன் தந்தையின் தொழிலை மறைத்துப் பூணும் வேடத்தை விரும்பி ஏற்றது என்று சொல்ல முடியாது. அதைக் களையவும் நாள் குறிக்கப்படவில்லை.

இந்த அமெரிக்க நூலுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2021-இல் டெக்சாஸ் மாநிலத்தின் கேட்டி என்னும் பகுதியில், பெற்றோர் சிலர் இந்நூல் வெள்ளையினப் பிள்ளைகளின் மனத்தில் குற்ற உணர்வை ஊட்டும் என்று மனுக் கொடுத்தார்கள். பள்ளி நூலகங்களிலிருந்து நூல் எடுக்கப்பட்டது. நூலாசிரியரின் உரையும் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் ஆராய்ந்து பார்த்து, நூலில் குற்றமில்லை என்று தெளிந்து, மீண்டும் நூலகத்தில் வைத்தார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வியை நம் ஊர்ப் பெரியவர்களும் கேட்பது உண்டு. 'கள்ளமற்ற பிள்ளைகளின் மனத்தில் சாதியையும் வேறுபாட்டையும் நாமே ஏன் விதைக்க வேண்டும்? சொல்லாமல் விட்டால் மறந்துவிடுவார்கள் அல்லவா?' என்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். அதனால் மதித்து விடை கூற வேண்டும். பிள்ளைகளுக்குத் தெரியாததைப் படக்கதை சொல்லிக் கொடுப்பதில்லை. யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம், யாரை எப்படி அழைக்கலாம் என்பதை ஐந்து வயதுக்குள் பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகிறது. கயிற்றின் நிறங்களைப் பாடநூல் கற்பிக்கவில்லை. பெரியவர்கள் வாய் மூடி இருந்தால், பிள்ளைகள் தெருவிலும் திண்ணையிலும் கற்றதே இறுதிப் பாடமாகிவிடும். அந்தப் பாடத்துக்கு மறுப்பு ஒன்று உண்டு என்பதையாவது பள்ளி அவர்களுக்குக் காட்ட வேண்டாமா?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நல்ல மருந்தையும் அளவறிந்து கொடுக்க வேண்டும். இத்தகைய நூலை வகுப்பில் படிக்கும் ஆசிரியர், படித்து முடித்தவுடன் ஒரு குறிப்பிட்ட பிள்ளையைத் திரும்பிப் பார்த்துவிட்டால், வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதுவரை நண்பர்களோடு கலந்திருந்த பிள்ளை அந்த நொடியில் தனியாகிவிடும். அவனுக்குத் துணையாக வந்த நூலே அவனுக்குக் கோணித்துணி விரித்துவிடும். 'உனக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?' என்று பலர் நடுவே கேட்பது அன்பன்று. அது இன்னொரு கொட்டு. அவன் பேச விரும்பினால் பேசுவான். விரும்பாவிட்டால் நூலே அவனோடு பேசிக்கொள்ளும்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தப் படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களில் யார் குழாயைத் திறந்திருக்கலாம்? திறக்க விடாமல் தடுத்தது எது? நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான கேள்விகள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், யாரையும் இரக்கத்துக்குரிய பொருளாக்காமல், வகுப்பு முழுவதையும் அந்தக் குழாயடிக்கு அழைத்துச் செல்லும் கேள்விகள். அடுத்து, பிள்ளைகளையே வரையச் சொல்லலாம். தம் பள்ளியில் தாம் கேட்ட சொற்களில் எதற்குப் பறவைக் குமிழி, எதற்குத் தேள் குமிழி என்று வரைய வேண்டும். யார் சொன்னது என்று பெயர் எழுத வேண்டாம். அந்த ஒரு தாளிலிருந்து, ஆண்டாய்வுக்கு வரும் அதிகாரிக்கும் புலப்படாத பல செய்திகள் ஆசிரியருக்குப் புலப்படும்.

ஒரு நூல் அரிவாளைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சட்டம் வேண்டும். விழிப்புள்ள தலைமையாசிரியர் வேண்டும். தம் சாதிப் பெருமையைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பாத பெற்றோர் வேண்டும். ஆனால் அரிவாள் எடுத்தவனும் ஒரு நாள் முதல் வகுப்பில் சிலேட்டோடு அமர்ந்திருந்தவன்தான். அவன் கையில் கயிறு ஏறுவதற்கு முன் ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் அவனுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருந்தது?

எங்கள் ஊர் நூலகத்திலும், ஒவ்வொரு பள்ளியின் நூலக அலமாரியிலும் இத்தகைய படக்கதைகளுக்கு ஓரிடம் வேண்டும். பூட்டிய அலமாரியில் வைத்துப் பயனில்லை. பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் இருக்க வேண்டும். படித்துப் படித்து மூலை மடங்கி, கருப்பட்டி ஒட்டிய விரல் பட்டுக் கறை படிந்தால் அதுவே அந்த நூலுக்குப் பெருமை. அது மட்டும் போதாது. கோண்டு நாட்டுக் கோலத்தால் பீமனின் கதையைச் சொல்ல முடிந்தது போல, எங்கள் தேரியும் பனையும் கட்டுமரமும் கொண்டு எங்கள் பிள்ளைகளின் கதையைச் சொல்லும் ஓவியரும் இங்கே தோன்ற வேண்டும். மணப்பாட்டுப் பிள்ளையும் குலசேகரன்பட்டினத்துப் பிள்ளையும் தேரிக்காட்டுப் பிள்ளையும் தங்கள் முகத்தைத் தமிழ்ப் படக்கதை ஒன்றில் காணும் நாள் வர வேண்டும். அதில் எல்லோரும் அமர்ந்திருக்கும் பாயை எவ்வளவு அகலமாக வரையலாம் என்பதை அந்த ஓவியரே தீர்மானிக்கட்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. இன்று மாலை உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும், 'இன்று உன்னை யாராவது ஏதாவது சொன்னார்களா?' என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். 'உன் வகுப்பில் இன்று யாராவது தனியாக உட்கார்ந்திருந்தார்களா? நீ அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாயா?' என்றும் கேளுங்கள்.